இறைச்சியை நன்றாக வேகவைத்தாலும் மருந்து எதிர்ப்பு நம்மை வந்தடைவது எப்படி?

பண்ணைகளில் கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் இறைச்சியை நாம் நன்றாக வேகவைத்துத்தானே உண்கிறோம், வெப்பத்தில் பாக்டீரியா செத்துவிடும் என்றால் மருந்துக்குப் பாக்டீரியா கட்டுப்படாமல் போகும் அந்த மருந்து எதிர்ப்பு மனிதருக்கு எந்த வழியாக வருகிறது, ‘மருந்து எச்சம் இல்லாதது’ என்று அச்சிட்ட இறைச்சியை வாங்கினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன: விலங்கின் குடலில் எதிர்ப்புத்திறன் எவ்வாறு பெருகுகிறது, அங்கிருந்து எவ்வாறு மனிதரை அடைகிறது, மருந்தை நிறுத்தினால் அது மறைந்துவிடுமா. கால்நடை நுண்ணுயிரியலில் பயிற்சி பெற்று, பண்ணைகளிலிருந்தும் இறைச்சிக் கூடங்களிலிருந்தும் வரும் மாதிரிகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன். மனித நோயாளிக்கு எந்த மருந்து தர வேண்டும் என்பது மருத்துவர்களின் துறை, அதற்குள் நான் நுழையவில்லை. உங்கள் கேள்வி உணவுத் தட்டை மட்டும் பார்க்கிறது. விலங்கிலிருந்து மனிதரை நோக்கிப் பயணம் செய்வது பல வேளைகளில் பாக்டீரியாகூட அன்று, அதற்குள் இருக்கும் மரபணு. அதற்குத் தட்டைத் தவிர வேறு வழிகள் நிறைய உண்டு.

முதலில் எச்சத்தையும் எதிர்ப்பையும் பிரித்துவிட வேண்டும். கடையில் அச்சிடப்படும் வாசகங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிடுகின்றன. எச்சம் என்பது விலங்கின் தசையிலோ ஈரலிலோ பாலிலோ முட்டையிலோ தங்கிவிட்ட மருந்து. கடைசி வேளை கொடுத்த பிறகு இத்தனை நாள் கழித்தே விலங்கை அறுக்கலாம், இத்தனை நாள் கழித்தே பாலை விற்கலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காத்திருப்புக் காலம் வகுக்கப்பட்டிருக்கிறது. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் அந்த நாள்களில் உடலைவிட்டு வெளியேறுவது மருந்துதான். மருந்துக்குத் தப்பிப் பிழைத்துப் பெருகிய பாக்டீரியா குடலிலேயே தங்கிவிடுகிறது. எச்சச் சோதனையில் குறையின்றித் தேறிய இறைச்சித் துண்டின் மேற்பரப்பிலேயே பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவும் இருப்பது எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி காணும் ஒன்று. ஒரு சோதனை வேதிப்பொருளைத் தேடுகிறது, மற்றது உயிரைத் தேடுகிறது. முதலாவதன் விடையை இரண்டாவதன் விடையாக எடுத்துக்கொள்ள முடியாது.

எதிர்ப்புத்திறனை மருந்தே உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். கறாராகப் பார்த்தால், மருந்து செய்வது தேர்வு. பல ஆன்டிபயாட்டிக்குகள் மண்ணில் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் தாமே சுரப்பவை; அவற்றைச் சிதைக்கும் நொதிகளும் மண்ணிலேயே தோன்றிவிட்டன. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த மரபுப் பொருளில் டெட்ராசைக்ளினையும் பென்சிலின் வகை மருந்துகளையும் வான்கோமைசினையும் எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதர் மருந்தைக் கண்டுபிடிக்கும் முன்பே எதிர்ப்பு இருந்தது. நாம் செய்தது, அதை வைத்திருக்கும் பாக்டீரியாவுக்குப் போட்டியே இல்லாத இடங்களை உருவாக்கியதுதான். பல்லாயிரம் பறவைகள் ஒரே கூரையின் கீழ், ஒரே குடிநீர்க் குழாயில் கலந்த மருந்தை ஒரே நாளில் அருந்தும் கொட்டகை அப்படிப்பட்ட ஓர் இடம்.

எதிர்ப்பு கைக்கு வரும் வழிகள் இரண்டு. ஒன்று, பாக்டீரியாவின் சொந்த மரபணுவில் நேரும் பிழை. கோழிக் குடலில் வாழ்ந்து மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபேக்டர் என்ற பாக்டீரியாவில் சிப்ரோஃப்ளோக்சாசின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு உண்டாக, அந்த மருந்து பற்றிக்கொள்ளும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும். கோழியின் குடல்வாயில் ஒரு கிராம் கழிவுக்குக் கோடிக்கணக்கில் இந்தப் பாக்டீரியா இருக்கும் என்பதால், மருந்து உள்ளே வருவதற்கு முன்பே அந்தப் பிழையுடன் கூடிய ஒன்றிரண்டு அங்கே இருந்திருக்கும். சில நாள் சிகிச்சையில் மற்றவை மடிய, அந்த ஒன்றிரண்டே முழு இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் இந்த வகை மருந்துகள் 1990களின் நடுவில் கோழிகளுக்கு அனுமதிக்கப்பட்டன. மனிதரிடம் எதிர்ப்புள்ள கேம்பிலோபேக்டர் கூடியதைக் காரணம் காட்டி 2005-இல் அந்த அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது.

இரண்டாவது வழி இதைவிட முக்கியமானது. எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பதைவிடக் காட்டிவிடுவேன். கோழியிலிருந்து பிரித்த ஓர் ஈ.கோலை, அது டெட்ராசைக்ளின் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் வளரும், ரிஃபாம்பிசின் என்ற வேறொரு மருந்து கலந்ததில் வளராது. ஆய்வகத்தில் வளர்க்கும் இன்னொரு ஈ.கோலை, அது ரிஃபாம்பிசினில் வளரும், டெட்ராசைக்ளினில் வளராது. இரண்டையும் ஒரு குழாயில் கலந்து, அசைக்காமல் 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வைக்கிறோம். மறுநாள் இரண்டு மருந்துகளும் சேர்ந்த தட்டில் ஒரு துளியைப் பரப்புகிறோம். ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனித்தனியே பரப்பிய தட்டுகள் வெறுமையாகவே இருக்கும். கலந்த துளியைப் பரப்பிய தட்டில் மட்டும், அடுத்த நாள் காலையில், வெளிர் மஞ்சள் புள்ளிகளாகக் கூட்டங்கள் முளைத்திருக்கும். ஆய்வகத்துப் பாக்டீரியா கோழியின் பாக்டீரியாவிடமிருந்து டெட்ராசைக்ளின் எதிர்ப்பை ஓர் இரவில் பெற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு மருந்துகூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்: இருவரும் சந்தித்த குழாயில் மருந்தே இல்லை. எல்லா ஈ.கோலையும் இப்படிக் கொடுத்துவிடாது. ஆனால் கொடுப்பவற்றைக் கண்டுபிடிக்க வெகுதூரம் தேட வேண்டியதுமில்லை.

அங்கே கைமாறியது பிளாஸ்மிட். பாக்டீரியாவின் முதன்மை மரபுத் தொகுதியான குரோமோசோமிலிருந்து விலகி, தனியாக இருக்கும் ஒரு சிறிய மரபு வளையம் அது. அதை வைத்திருக்கும் பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டி அடுத்ததைத் தொட்டு இழுத்து, வளையத்தின் ஓர் இழையை உள்ளே செலுத்துகிறது. இரண்டு பக்கமும் மற்றோர் இழை நிரப்பப்பட, கொடுத்தவரிடமும் வளையம் இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும். பாக்டீரியாக்கள் இப்படிச் சேர்ந்து மரபுப் பொருளைப் பரிமாறுகின்றன என்பதை லெடர்பெர்க்கும் டேட்டமும் 1946-இல் காட்டினர். அது மருத்துவத்தை எவ்வளவு பாதிக்கும் என்பது ஜப்பானில் தெரியவந்தது: 1950களில் அங்கே சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்குக்கும் ஒருசேரக் கட்டுப்படாமல் போயிற்று. நான்கு பிழைகள் தனித்தனியே ஒரே பாக்டீரியாவில் நேர்வது நம்பத்தகாதது. நான்கும் ஒரே தொகுப்பாக ஈ.கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே மாறுகின்றன என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். வைரஸ் வழியாகவும், இறந்த பாக்டீரியாவின் சிதறிய மரபுப் பொருளை உறிஞ்சுவதன் வழியாகவும்கூட மரபணுக்கள் மாறும்; குடல் பாக்டீரியாவைப் பொறுத்தவரை பிளாஸ்மிட்டே பெரிய வாகனம். அதற்குள்ளும் இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் இருக்கின்றன. அவை குரோமோசோமிலிருந்து பிளாஸ்மிட்டுக்கும், ஒரு பிளாஸ்மிட்டிலிருந்து வேறொன்றுக்கும் எதிர்ப்பு மரபணுக்களைத் தூக்கிச் செல்கின்றன. இன்று மருத்துவமனைகளைத் திணறடிக்கும், மருந்தைச் சிதைக்கும் சிடிஎக்ஸ்-எம் என்ற நொதியின் மரபணு, கிளைவெரா என்ற, பெரிதாக நோய் எதுவும் செய்யாத பாக்டீரியாவின் குரோமோசோமிலிருந்து இப்படித்தான் கிளம்பியது.

ஒரே பிளாஸ்மிட்டில் பல எதிர்ப்பு மரபணுக்கள் அருகருகே அமர்ந்திருப்பதால் ஒரு விளைவு உண்டு; பண்ணைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நான் மிக அதிக நேரம் செலவிட்டு விளக்குவது அதைத்தான். ஒரு மருந்தைக் கொடுத்தால் அந்த மருந்துக்கு மட்டும் எதிர்ப்பு பெருகுவதில்லை, பக்கத்தில் இருக்கும் எல்லாமே சேர்ந்து பெருகுகின்றன. டென்மார்க்கில் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்தில் அவோபார்சின் கலந்து கொடுத்தார்கள். அது மனிதருக்குக் கடைசி நம்பிக்கையாக இருந்த வான்கோமைசினின் நெருங்கிய உறவு. விளைவாகக் குடலில் வாழும் என்ட்ரோகாக்கஸ் வான்கோமைசினுக்குக் கட்டுப்படாமல் போயிற்று. 1995-இல் அங்கே அவோபார்சினுக்குத் தடை வந்தது. கோழிகளில் எதிர்ப்பு விரைவாகக் குறைந்தது, பன்றிகளில் மட்டும் அசையாமல் நின்றது. காரணம் பிறகுதான் விளங்கியது: பன்றிகளின் என்ட்ரோகாக்கஸில் வான்கோமைசின் எதிர்ப்பு மரபணுவும் எரித்ரோமைசின் வகை மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தன, அந்த வகையைச் சேர்ந்த டைலோசின் இன்னும் பன்றித் தீவனத்தில் கலக்கப்பட்டுவந்தது. டைலோசினும் நிறுத்தப்பட்ட பிறகுதான் பன்றிகளிலும் வான்கோமைசின் எதிர்ப்பு இறங்கியது. ஆன்டிபயாட்டிக்கே அல்லாத பொருளும் இதைச் செய்யும்: பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்காகத் தீவனத்தில் சேர்த்த துத்தநாக ஆக்சைடு, துத்தநாக எதிர்ப்பும் மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கான எதிர்ப்பும் ஒன்றாகக் கொண்ட ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்குச் சாதகமாக அமைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அந்த மருந்துப் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது.

பண்ணையில் மருந்து எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். நோயுற்ற விலங்குக்குச் சிகிச்சை அளிப்பது ஒன்று. நோய் வருமுன் கூட்டத்துக்கு முழுவதும் கொடுப்பது இன்னொன்று. எடை கூடுவதற்காகக் குறைந்த அளவில் வாரக்கணக்கில் தீவனத்தில் கலப்பது மூன்றாவது. குளோர்டெட்ராசைக்ளின் தயாரிப்பில் மிஞ்சிய நொதித்த கூழைத் தின்ற கோழிக்குஞ்சுகள் வேகமாக வளர்ந்ததை அமெரிக்காவில் 1940களின் இறுதியில் கவனித்ததிலிருந்து இந்த மூன்றாவது பழக்கம் உலகெங்கும் பரவியது. பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கப் போதாத அளவு, அதாவது தடுக்கும் அளவில் நூறில் ஒரு பங்கு மருந்துகூட, எதிர்ப்புள்ளவற்றுக்கு மற்றவற்றைவிட முன்னுரிமை தந்துவிடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆகவே குறைந்த அளவு என்பதால் பாதிப்பு குறைவு என்று நினைப்பது தவறு. பிரிட்டனில் 1969-இல் வெளியான ஸ்வான் குழுவின் அறிக்கை, மனிதச் சிகிச்சைக்குப் பயன்படும் மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சுவீடன் 1986-இல் வளர்ச்சிக்கான பயன்பாடு முழுவதையும் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் செய்தது 2006-இல்.

எதிர்ப்பு விலங்கோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு ஸ்டூவர்ட் லெவியும் அவருடைய குழுவும் 1976-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் மாணவர்களைப் படிக்கச் சொல்கிறேன், ஏனெனில் அது எளிமையானது, மறுக்கக் கடினமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதுவரை மருந்து கலந்த தீவனம் கொடுக்கப்படாத ஒரு சிறிய பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடல் பாக்டீரியா ஏறத்தாழ முழுவதும் டெட்ராசைக்ளினை எதிர்ப்பவையாக மாறிவிட்டன. ஐந்தாறு மாதங்களுக்குள், அந்தப் பண்ணையில் வாழ்ந்தவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் 31 சதவீதத்தில், பாக்டீரியாவில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை டெட்ராசைக்ளின் எதிர்ப்பு கொண்டிருந்தன. அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் மாதிரிகளில் இது 7 சதவீதம். கொடுத்தது டெட்ராசைக்ளின் மட்டும்தான் என்றாலும், நாளடைவில் வேறு பல மருந்துகளுக்கும் எதிர்ப்பு சேர்ந்துகொண்டது. பண்ணையில் வாழ்ந்தவர்கள் டெட்ராசைக்ளின் உட்கொள்ளவில்லை. கோழிகளோடும் கோழி எருவோடும் பழகியதே போதுமானதாக இருந்தது.

இப்போது நேரடியாக உங்கள் அடுப்படிக்கு வருகிறேன். மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா வெப்பத்தை எதிர்ப்பதில்லை. இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர், ஈ.கோலை ஆகியவை எதிர்ப்புள்ளவையானாலும் இல்லாதவையானாலும் ஒன்றுபோலச் சாகும். அந்த அளவில் உங்கள் நம்பிக்கை முழுக்கச் சரி, இதில் ஐயமில்லை. வெந்த இறைச்சியில் சிதைந்து மிஞ்சும் மரபணுத் துண்டுகளை நம் குடல் பாக்டீரியா உறிஞ்சி எதிர்ப்பைப் பெறுமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். கோட்பாட்டளவில் அதை முற்றாக விலக்க முடியாது என்றாலும், அது ஒரு குறிப்பிடத்தக்க பாதை என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஆபத்து வேகவைப்பதற்கு முன்பே நிகழ்கிறது. பறவையை அறுத்து இறகு பறிக்கும் இயந்திரத்தின் ரப்பர் விரல்கள் ஒரு பறவையின் கழிவை அடுத்த பறவையின் தோலில் பூசுகின்றன. குடலை எடுக்கும்போது அது கிழிந்தால் உள்ளிருப்பது உடலெங்கும் பரவுகிறது. குளிர்விக்கும் தொட்டியின் நீர் எல்லாவற்றையும் சமமாகப் பங்கிடுகிறது. வீட்டுக்கு வந்த பச்சை இறைச்சியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர், அதே பலகையில் அதே கத்தியால் நறுக்கும் காய்கறி, கையைத் துடைத்த துணி ஆகியவை வழியாக அது சமைக்காத உணவுக்குப் போய்விடுகிறது. கேம்பிலோபேக்டர் சில நூறு வாய்க்குள் போனாலே நோய் வரலாம். இறைச்சியைக் கழுவாமல் சமைப்பது பலருக்கு மனம் ஒப்பாத செயல் என்பது தெரியும். ஆனாலும் அதுதான் பாதுகாப்பானது, கழுவி நீக்க முடியாததை அடுப்பு நீக்கிவிடும்.

இறைச்சியே உண்ணாதவரும் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை. விலங்குக்குக் கொடுக்கும் மருந்தில் கணிசமான பங்கு, டெட்ராசைக்ளினில் பெரும்பங்கு, சிதையாமலே கழிவில் வெளியேறுகிறது; எதிர்ப்புள்ள பாக்டீரியாவும் கூடவே வெளியேறுகிறது. அந்த எரு வயலுக்குப் போகிறது, மழைநீரோடு வாய்க்காலுக்குப் போகிறது, பச்சையாகத் தின்னும் கீரைக்குப் போகிறது. எருவை நன்கு மக்கவைத்துச் சூடேறவிட்டால் பாக்டீரியாவின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும், மரபணுக்கள் முழுவதும் அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. பண்ணைத் தொழிலாளர், கால்நடை மருத்துவர், இறைச்சிக் கூடப் பணியாளர் ஆகியோர் தொடுதல் வழியாகவே பெறுகிறார்கள். நெதர்லாந்தில் 2000களின் நடுவில் பன்றி வளர்ப்போரிடம் மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஒரு ஸ்டெஃபிலோகாக்கஸ் வகை கண்டறியப்பட்டது. அதன் மரபணுவை முழுமையாகப் படித்தபோது, அது முதலில் மனிதரிடமிருந்து பன்றிக்குப் போன சாதாரண பாக்டீரியா என்றும், பன்றியிடம் இருந்தபோது எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்துக்கொண்டு மனிதரிடம் திரும்பி வந்தது என்றும் தெரிந்தது. இந்தப் பாதையில் போக்குவரத்து இரு திசையிலும் நடக்கிறது. தான் மருந்தே பயன்படுத்தாத பண்ணைக்கும் குஞ்சுகள் வழியாக எதிர்ப்பு வந்து சேரலாம். செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைக் கோழிகளுக்குக் கிட்டத்தட்டப் பயன்படுத்தாத சுவீடனில், இறக்குமதியான பாட்டன் பறவைகளிலிருந்து சந்ததி சந்ததியாக இறங்கிய எதிர்ப்புள்ள ஈ.கோலை இறைச்சிக் கோழிகளில் கண்டறியப்பட்டது.

விலங்கில் கொடுத்த மருந்து மனித நோயை மாற்றுகிறது என்பதற்கு நான் மிக உறுதியான சான்றாகக் கருதுவது கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்தது. அங்குள்ள பொரிப்பகங்கள், குஞ்சுகளின் தொப்புள் தொற்றைத் தடுக்க, பொரியும் முன்பே முட்டைக்குள் செஃப்டியோஃபர் என்ற மருந்தைச் செலுத்திவந்தன. அது குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கடுமையான சால்மோனெல்லா தொற்றில் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோனின் உறவு. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மற்றதும் பயன்படாது. கடைகளில் விற்ற கோழியிலும் நோயாளிகளிடமும் எடுத்த ஹைடல்பெர்க் என்ற சால்மோனெல்லா வகையில் எதிர்ப்பு உயர்ந்ததும், 2005-இன் தொடக்கத்தில் பொரிப்பகங்கள் தாமாக முன்வந்து அந்த ஊசியை நிறுத்தின. 2004-இல் கடைக் கோழியில் 62 சதவீதமாக இருந்த எதிர்ப்பு 2006-இல் 7 சதவீதமாகவும், நோயாளிகளிடம் 36 சதவீதமாக இருந்தது 8 சதவீதமாகவும் இறங்கின. 2007-இல் சில பொரிப்பகங்கள் ஓரளவு மீண்டும் தொடங்கியதும் எதிர்ப்பும் மறுபடி தலைதூக்கியது. ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது; மூன்று முறையும் கோழியும் மனிதரும் சேர்ந்தே நகர்ந்தனர். வேண்டுமென்றே வடிவமைத்த பரிசோதனைகூட இதைவிடத் தெளிவாக அமைந்திருக்காது.

கொலிஸ்டின் கதை இன்னொரு விதத்தில் என்னைக் கலங்கவைத்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனிதச் சிகிச்சையில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த பழைய மருந்து அது; வேறு எதற்கும் கட்டுப்படாத தொற்றுகள் பெருகியபோது மருத்துவர்கள் மீண்டும் அதை நாட வேண்டியதாயிற்று. அதற்குள் பன்றித் தீவனத்தில் அது டன் கணக்கில் கலக்கப்பட்டுவந்தது. அதற்கான எதிர்ப்பு குரோமோசோமில் மட்டுமே தோன்றும், பிளாஸ்மிட்டில் பயணம் செய்யாது என்ற ஆறுதல் இருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பிளாஸ்மிட்டில் கண்டதை அறிவித்தபோது அந்த ஆறுதல் போயிற்று: அவர்கள் சோதித்த பன்றிகளில் ஏறத்தாழ 21 சதவீதத்திலும், பச்சை இறைச்சி மாதிரிகளில் 15 சதவீதத்திலும், மருத்துவமனை நோயாளிகளின் மாதிரிகளில் 1 சதவீதத்திலும் அது இருந்தது. விலங்கில் அதிகம், இறைச்சியில் அதைவிடக் குறைவு, மனிதரில் மிகக் குறைவு என்ற அந்த வரிசை, பயணம் எந்தத் திசையில் நடந்தது என்பதை உணர்த்துகிறது. சில மாதங்களிலேயே பல நாடுகள் தாம் சேமித்துவைத்திருந்த பழைய மாதிரிகளிலும் அதைக் கண்டன. சீனா 2017-இல் வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் கலப்பதைத் தடை செய்தது, பன்றிகளின் ஈ.கோலையில் கொலிஸ்டின் எதிர்ப்பு 34 சதவீதத்திலிருந்து சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியது.

இதுவரை சொன்னவை உறுதியானவை. மனிதரின் மருந்து எதிர்ப்புத் தொற்றுகளில் எத்தனை பங்கு கால்நடையிலிருந்து வருகிறது என்பது இன்னும் தீராத வழக்கு. அதற்கு ஒரே எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம். சால்மோனெல்லாவுக்கும் கேம்பிலோபேக்டருக்கும் பெரும்பங்கு உணவு விலங்குகளிலிருந்தே என்பதில் பெரிய சண்டை இல்லை. ஆனால் ஐந்து மருந்துகளுக்குக் கட்டுப்படாத டிடி104 என்ற சால்மோனெல்லாவைப் பற்றி ஸ்காட்லாந்தில் செய்து 2013-இல் வெளியான மரபணு ஆய்வு, உள்ளூர் விலங்குகளிடம் இருந்தவையும் மனிதரிடம் இருந்தவையும் பெரும்பாலும் தனித்தனிக் கூட்டங்களாகவே இருந்தன என்று கண்டது. ஈ.கோலையில் சிக்கல் இன்னும் அதிகம். நெதர்லாந்தில் 2011-இல் வந்த ஆய்வு, செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை எதிர்க்கும் ஒரே வகை ஈ.கோலை கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பதாகச் சொன்னது. 2014-இல் முழு மரபணுவையும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது பாக்டீரியாக்கள் ஒன்றல்ல என்றும், அவற்றுள் சிலவற்றில் இருந்த பிளாஸ்மிட்டுகள் ஏறத்தாழ ஒன்றே என்றும் தெரிந்தது. பாக்டீரியாவை மட்டும் ஒப்பிட்டால் கோழிக்கும் நோயாளிக்கும் தொடர்பில்லை என்று முடிவு வரும். பிளாஸ்மிட்டை ஒப்பிட்டால் தொடர்பு தெரியும். ஆனால் அந்தப் பிளாஸ்மிட் எப்போது, எத்தனை கை மாறி வந்தது என்பதை அது சொல்லாது. அதே நாட்டில் பிறகு செய்த கணக்கீடு, சமூகத்தில் இந்த வகை ஈ.கோலை பரவுவதில் பாதிக்கு மேல் மனிதரிடமிருந்து மனிதருக்கே என்றது. மருந்து எதிர்ப்பால் 2019-இல் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்ற மதிப்பீட்டை முழுவதும் பண்ணைகளின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. மனிதருக்குத் தேவையின்றிக் கொடுக்கும் மருந்துக்கும், மருத்துவமனைச் சுகாதாரத்துக்கும், கழிவுநீருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. எனினும் ஒரு மரபணு முதல்முறை மனிதரை அடைய ஒரே ஒரு பயணம் போதும்; அதன்பின் அது மனிதரிடையே தானே பரவிக்கொள்ளும். இன்று அன்றாடம் வரும் பங்கு சிறிது என்று காட்டுவது, தொடக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தீர்த்துவிடாது.

மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு மறையுமா என்பதற்கு, பல வேளைகளில் குறையும், அரிதாகவே முழுவதும் மறையும் என்பது விடை. எதிர்ப்பைச் சுமப்பது பாக்டீரியாவுக்கு ஒரு செலவு என்பதால், மருந்து இல்லாத இடத்தில் அது பின்தங்க வேண்டும். ஆனால் வேறொரு மாற்றத்தால் அந்தச் செலவை ஈடுகட்டிக்கொள்ளும் பாக்டீரியா உண்டு. தன்னை இழக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் ஏற்பாட்டைத் தன்னுள்ளே வைத்திருக்கும் பிளாஸ்மிட்டும் உண்டு. நான் முன்பு சொன்ன கேம்பிலோபேக்டரின் ஒற்றைப் பிழை, கோழிக் குடலில் அதற்குச் சுமையாக இல்லாததோடு சில சமயம் அனுகூலமாகவும் இருக்கிறது என்று சோதனைகள் காட்டின. ஆஸ்திரேலியா அந்த வகை மருந்துகளை உணவு விலங்குகளுக்கு ஒருபோதும் அனுமதிக்கவில்லை. அதனால் நெடுங்காலம் அங்கே அந்த எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தது. ஆனால் அண்மைக் காலத்தில் அங்குள்ள கோழிகளிலும் அது தென்படத் தொடங்கியிருக்கிறது. ஆகவே வந்த பிறகு விரட்டுவதைவிட வராமல் தடுப்பதற்குச் செலவிடுவது பயன் தரும். நார்வேயில் சால்மன் வளர்ப்புக்கு 1987-இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக் செலவானது. தடுப்பூசிகள் வந்த பின் சில ஆண்டுகளில் அது ஒன்றிரண்டு டன்னாகச் சுருங்கியது, மீன் உற்பத்தியோ பல மடங்கு பெருகியது. நெதர்லாந்து 2009-க்குப் பிறகு கால்நடைக்கான விற்பனையை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. அங்கே கால்நடை வளர்ப்பு அழிந்துவிடவில்லை. நோயுற்ற விலங்குக்கு மருந்தே கொடுக்கக் கூடாது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வலியில் இருக்கும் விலங்கை அப்படியே விடுவது கொடுமை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கேட்டுக்கொண்டதும் அதுவன்று: வளர்ச்சிக்காகவும், நோய் கண்டறியப்படாத கூட்டத்துக்குத் தடுப்பாகவும் கொடுப்பதைத்தான் நிறுத்தச் சொன்னது.

எஞ்சியிருப்பது அச்சிட்ட வாசகம். ‘எச்சம் இல்லாதது’ என்பது சட்டப்படி எல்லா இறைச்சியும் எட்ட வேண்டிய நிலைக்கு அருகில்தான் இருக்கிறது. எதிர்ப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ‘ஆன்டிபயாட்டிக் இன்றி வளர்த்தது’ என்பது, நம்பகமான சான்றளிப்பு இருந்தால், அதைவிடப் பொருளுள்ளது. அத்தகைய இறைச்சியில் எதிர்ப்புள்ள பாக்டீரியா சராசரியாகக் குறைவாக இருப்பதைப் பல ஒப்பீடுகள் காட்டியிருக்கின்றன, ஆனால் அடியோடு இல்லாமல் போவதில்லை. குஞ்சு வழியாகவும் இறைச்சிக் கூடத்தின் இயந்திரம் வழியாகவும் அது வந்துவிடுகிறது. விலை கொடுக்க முடிந்தால் அதை வாங்குங்கள், அது பண்ணைகளின் பழக்கத்தை மாற்ற உதவும். அடுப்படியில் மட்டும் எல்லாப் பச்சை இறைச்சியையும் ஒரே எச்சரிக்கையோடு கையாளுங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் கோழிப் பண்ணையிலோ பன்றிப் பண்ணையிலோ இறைச்சிக் கூடத்திலோ வேலை செய்தால், மருத்துவமனையில் சேரும்போது, மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பன்றிகளோடு பழகுபவர்களை நெதர்லாந்து மருத்துவமனைகள் சேர்க்கும்போதே மெதிசிலின் எதிர்ப்புக்காகச் சோதிக்கின்றன, அந்த ஒரு தகவல் முதல் நாளே எந்த மருந்தைத் தொடங்குவது என்பதை மாற்றக்கூடும்.